மாமா வீட்டு மோட்டார் ஏன் ஓடவில்லை?
வீட்டு ஜெனரேட்டரின் அளவைத் தேர்ந்தெடுக்கும் கணக்கு

நெய்வேலி நகரியத்தில் வளரும் மாணவர்களுக்கு மின்சாரம் பிறக்கும் இடத்தைப் பார்க்க வெகுதூரம் போக வேண்டியதில்லை. மொட்டை மாடியில் ஏறி நின்றால் புகைபோக்கிகள் தெரியும். சுரங்கத்தில் வெட்டிய பழுப்பு நிலக்கரி பட்டை வழியே வந்து, அரைபட்டு, கொதிகலனில் எரிந்து, நீரை ஆவியாக்கி, டர்பைனைச் சுழற்றுகிறது. 1962-ல் இங்கே முதல் மின்னாக்கி ஓடத் தொடங்கியது. அது இருந்த முதல் அனல்மின் நிலையம் வயதாகி 2020-ல் ஓய்வு பெற்றுவிட்டது. அதைவிடப் பெரிய நிலையங்கள் இப்போது ஓடுகின்றன.

இத்தகைய ஊருக்குப் பக்கத்தில் ஒருவர் வீட்டுக்கு ஜெனரேட்டர் வாங்கினார் என்றால் சிரிப்பீர்கள். என் மாமா வாங்கினார். அவர் இருப்பது பண்ருட்டிக்கு அருகே ஒரு கிராமம். முந்திரித் தோப்பும் பலா மரங்களும் சூழ்ந்த வீடு.

2011 டிசம்பர் 30 அதிகாலை 'தானே' புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்தது. காற்றின் வேகம் மணிக்கு 120 கிலோமீட்டருக்கும் மேல். விடிந்து பார்த்தால் தோப்பில் நின்ற மரத்தைவிட விழுந்த மரமே அதிகம். மரங்களோடு மின்கம்பங்களும் சாய்ந்து கிடந்தன. கடலூர் மாவட்டத்தில் பல கிராமங்களுக்கு மின்சாரம் திரும்பி வர வாரக்கணக்கில் ஆயிற்று.

மின் நிலையம் பக்கத்திலேயே இருக்க, இவ்வளவு நாள் இருட்டு எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். நெய்வேலியில் பிறக்கும் மின்சாரம் பக்கத்துக் கிராமத்துக்கு நேராக நடந்து போவதில்லை. 230 கிலோவோல்ட், 400 கிலோவோல்ட் என்று மிக உயர்ந்த அழுத்தத்தில் பெருங்கோபுரங்களின் மேலே ஏறித் துணை மின் நிலையங்களுக்குப் போய், அங்கே படிப்படியாக இறங்கி, 11 கிலோவோல்ட் கம்பிகளில் ஊருக்குள் வந்து, தெரு மின்மாற்றியில் 230 வோல்ட்டாகி, அதன் பிறகே உங்கள் வீட்டு வாசலைத் தொடுகிறது. இந்த நீண்ட சங்கிலியின் கடைசிக் கண்ணிகள்தாம் எளிதில் அறுபவை. கம்பம் சாய்ந்துவிட்டால் மின் நிலையம் எதிர்வீட்டிலேயே இருந்தாலும் பயனில்லை.

அந்த நாட்களில்தான் மாமா ஒரு ஜெனரேட்டர் வாங்கினார். கடைக்காரர் சொன்னது: "ஒரு ஹெச்.பி. மோட்டார்தானே? ரெண்டு கே.வி.ஏ. போதும், தாராளமா ஓடும்." மாமாவும் கணக்குத் தெரியாதவர் அல்லர். ஒரு குதிரைத் திறன் என்பது 746 வாட். விளக்கு, மின்விசிறிகளுக்கு ஒரு 300 வாட். கூட்டினால் 1046. இரண்டு கே.வி.ஏ. என்றால் 2000. பாதிதானே ஆகிறது?

மாலையில் இயந்திரத்தைக் கிளப்பினார். விளக்குகள் எரிந்தன, விசிறி சுற்றியது. வீட்டில் எல்லோர் முகத்திலும் வெளிச்சம். பிறகு கிணற்று மோட்டாரின் சுவிட்சைப் போட்டார். விளக்குகள் சட்டென்று மங்கின. மோட்டார் 'ம்ம்ம்' என்று முனகியது, சுற்றவில்லை. ஜெனரேட்டர் இருமி இருமி நின்றுபோயிற்று. மூன்று முறை முயன்றார். மூன்று முறையும் அதே கதை.

"746 வாட்டுன்னு நீதானேடா பாடப் புத்தகத்துல படிச்சே?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார் மாமா. என்னவோ நான்தான் மோட்டாரைக் கெடுத்துவிட்டது போல!

பாடப் புத்தகம் தவறில்லை. ஆனால் மாமாவின் கணக்கில் மூன்று ஓட்டைகள் இருந்தன.

முதல் ஓட்டை: 746 வாட் என்பது மோட்டாரின் தண்டு வெளியே கொடுக்கும் திறன். உள்ளே வாங்கிக்கொள்வது அதைவிட அதிகம். கம்பிச்சுருள் சூடாவதிலும், இரும்பு உள்ளகத்திலும், உராய்விலும் ஒரு பங்கு வீணாகிவிடும். வீட்டு உபயோகத்துக்கான ஒரு குதிரைத் திறன் மோட்டார் ஏறக்குறைய 1100 வாட் இழுக்கும்.

இரண்டாவது: கே.வி.ஏ. வேறு, கிலோவாட் வேறு. கே.வி.ஏ. என்பது வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கி வருவது. மோட்டார் போன்ற கருவிகளில் மின்னழுத்தமும் மின்னோட்டமும் ஒரே சமயத்தில் உச்சம் அடைவதில்லை. மின்னோட்டம் சற்றுப் பின்தங்கி வருகிறது. தாளம் தவறிய இருவர் சேர்ந்து ஏற்றம் இறைப்பது போல, பெருக்குத் தொகை முழுவதும் வேலையாக மாறாது. இதற்காகவே 'திறன் காரணி' என்ற எண்ணால் பெருக்குகிறார்கள். பொதுவாக அதை 0.8 என்று கொள்வார்கள். ஆக, 2 கே.வி.ஏ. இயந்திரத்திடம் நம்பிக் கேட்கக்கூடியது 1600 வாட்.

இந்த இரண்டையும் திருத்திப் பாருங்கள். 1100-ம் 300-ம் 1400. இருப்பதோ 1600. இன்னும் இடம் இருக்கிறது! அப்படியும் மோட்டார் ஏன் ஓடவில்லை?

மூன்றாவது ஓட்டைதான் பெரியது. சுழன்றுகொண்டிருக்கும் மோட்டார், தானே ஒரு சிறு மின்னாக்கியும் ஆகும். உள்ளே வரும் மின்னழுத்தத்தை எதிர்த்து ஒரு மின்னழுத்தத்தை அது உண்டாக்குகிறது. அந்த எதிர்ப்புதான் மின்னோட்டத்தை அளவோடு வைத்திருக்கிறது. நின்றுகொண்டிருக்கும் மோட்டாரில் அந்த எதிர்ப்பு இல்லை. ஆகவே சுவிட்சைப் போட்ட கணத்தில், ஓடும்போது இழுப்பதைப் போல் மூன்று மடங்கிலிருந்து ஆறு மடங்கு வரை மின்னோட்டம் பாய்ந்து செல்லும். வேகம் பிடித்த பிறகு தணிந்துவிடும். ஓரிரு விநாடிக் கூத்துதான். ஆனால் அந்த ஓரிரு விநாடியைத் தாங்க வேண்டுமே!

நான்கு மடங்கு என்று வைத்துக்கொள்வோம். 1100 பெருக்கல் நான்கு, 4400 வாட். மாமாவின் ஜெனரேட்டரால் அது முடியாது. பாரம் தாங்காமல் அதன் மின்னழுத்தம் சரிகிறது. மின்னழுத்தம் பாதியானால் மோட்டாரின் முறுக்கு விசை பாதியாவதில்லை; நாலில் ஒரு பங்காகிவிடும். விசை குறைந்த மோட்டார் கிளம்ப முடியாமல் நிற்கிறது. நிற்பதால் மேலும் மேலும் மின்னோட்டத்தை இழுக்கிறது. சுவிட்சை அணைக்காமல் விட்டால் சுருள் கருகிவிடும். மாமாவின் மோட்டார் கருகாமல் தப்பியது, ஜெனரேட்டர் முதலில் மூச்சு விட்டதால்தான்.

இதை உங்கள் வீட்டிலேயே பார்க்கலாம். இரவில் குளிர்பதனப் பெட்டி தானாகக் கிளம்பும் தருணத்தில் விளக்கைக் கவனியுங்கள். சில வீடுகளில் ஒரு சிறு கண்சிமிட்டல் தெரியும்.

இப்போது ஒரு தாளும் பென்சிலும் எடுத்துக்கொண்டு வீட்டைச் சுற்றி வாருங்கள். ஒவ்வொரு கருவியின் பின்புறத்திலும் அடியிலும் ஒரு சிறு தகடோ ஒட்டுத்தாளோ இருக்கும். அதில் வாட் எழுதியிருக்கும். சாதாரண வீடு ஒன்றில் இப்படி வரக்கூடும். ஐந்து எல்.இ.டி. விளக்குகள் 50 வாட். மூன்று மின்விசிறிகள், ஒன்றுக்கு 75 வீதம் 225. குளிர்பதனப் பெட்டி 150. தொலைக்காட்சி 80. மிக்ஸி 500, கிரைண்டர் 200. இஸ்திரிப் பெட்டி 1000. தண்ணீர் சூடாக்கும் கீசர் 2000. குளிர்சாதனம் 1500. கிணற்று மோட்டார் 1100. கூட்டினால் 6805 வாட். 0.8-ஆல் வகுத்தால் சுமார் எட்டரை கே.வி.ஏ.

அம்மாடியோ! அவ்வளவு பெரிய இயந்திரத்தைத் திண்ணையில் வைக்க முடியுமா? அவசியமும் இல்லை. புயலடித்து ஊரே இருண்டு கிடக்கும் நாளில் இஸ்திரிச் சட்டையும் வெந்நீர்க் குளியலும் எதற்கு? சட்னியை அம்மியில் அரைக்கலாம். தாளில் உள்ளவற்றை ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வாருங்கள். விளக்கு, விசிறி, குளிர்பதனப் பெட்டி, செய்தி அறியத் தொலைக்காட்சி, இவை நான்கும் சேர்ந்து 505 வாட்தான். குளிர்பதனப் பெட்டி கிளம்பும் கணத்தில் 150-க்குப் பதில் 600 வாட் இழுக்கும் என்று கொண்டால் மொத்தம் 955. அதை 0.8-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 1.2 கே.வி.ஏ. ஒரு ஆள் தூக்கக்கூடிய இயந்திரம்!

இந்தப் பட்டியலில் கிணற்று மோட்டாரை மட்டும் சேர்த்துப் பாருங்கள். மற்றவை ஓடும்போது அது கிளம்ப, 4400-ம் 505-ம் 4905 வாட். அதாவது ஆறு கே.வி.ஏ.க்கும் மேல். மோட்டாரைத் தனியாக முதலில் கிளப்பிவிட்டு, பிறகு மற்றவற்றைப் போட்டாலும் ஐந்தரை. நல்ல இயந்திரங்கள் கணநேர மிகுபாரத்தைச் சற்றுத் தாங்கும் என்பதால் இன்னும் கொஞ்சம் சிறியதும் போதலாம். எவ்வளவு தாங்கும் என்பதைக் கடையில் எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். வாய்ப்பேச்சில் வாங்கியவர் கதையைத்தான் பார்த்தோம். எப்படியானாலும், அந்த ஒரே ஒரு மோட்டார் இயந்திரத்தின் அளவை நான்கைந்து மடங்கு ஆக்கிவிடுகிறது. மற்ற கருவிகளெல்லாம் சேர்ந்து செய்யாத வேலை இது.

'இருந்துவிட்டுப் போகட்டும், பெரியதாகவே வாங்கிவிடலாம்' என்று வசதியுள்ளவர்கள் சொல்வதுண்டு. பெட்ரோலிடம் கேட்டால் வேறு பதில் சொல்லும். ஒரு லிட்டர் பெட்ரோலில் அடங்கிய வெப்ப ஆற்றல் சுமார் 34 மெகாஜூல். ஒரு யூனிட் மின்சாரம் 3.6 மெகாஜூல். அப்படியானால் லிட்டருக்கு ஒன்பது யூனிட் கிடைக்க வேண்டும். சிறு இயந்திரம் நன்றாக ஓடும்போதே நமக்குக் கொடுப்பது ஒன்றரை யூனிட் அளவுதான். மீதியெல்லாம் புகையோடும் சூட்டோடும் போய்விடுகிறது. நம் 505 வாட்டை எட்டு மணி நேரம் ஓட்டினால் நான்கு யூனிட். மூன்று லிட்டருக்குள் முடித்துவிடலாம்.

ஆறு கே.வி.ஏ. இயந்திரத்தை வைத்து அதே 505 வாட்டை ஓட்டினாலோ? 50 சுழல் மின்சாரம் கிடைக்க அது நிமிடத்துக்கு 3000 சுற்றுச் சுற்றியே ஆக வேண்டும், பாரம் இருந்தாலும் இல்லாவிட்டாலும். தன் சொந்தப் பிஸ்டன்களை ஆட்டுவதற்கே எரிபொருளைத் தின்றுகொண்டிருக்கும். யூனிட்டுக்கு ஆகும் பெட்ரோல் இரண்டு மடங்கு, அதற்கும் மேல் போகும். டீசல் இயந்திரமானால் மெல்லிய பாரத்தில் நெடுநேரம் ஓடும்போது எரிபொருள் முழுமையாக எரியாமல் உள்ளே கரி படியும். (இந்த 3000 சுற்று நெய்வேலியின் பெரிய டர்பைன்களுக்கும் உரியதே. 210 மெகாவாட் டர்பைனும் திருமண வீட்டு வாசலில் அலறும் பெட்ரோல் எந்திரமும் ஒரே வேகத்தில் சுற்றுகின்றன என்பது எனக்கு எப்போதும் வேடிக்கையாக இருக்கும்.)

மின் நிலையத்தைப் பற்றிப் பேச்சு வந்துவிட்டது. மின் நிலையத்துக்கே மின்சாரம் இல்லாமல் போனால் என்ன செய்வார்கள்? நிலக்கரியை அரைக்கவும், கொதிகலனுக்குக் காற்றும் நீரும் செலுத்தவும், அனல்மின் நிலையம் தான் ஆக்கும் மின்சாரத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கைத் தானே செலவழிக்கிறது. 210 மெகாவாட் அலகு என்றால் சுமார் 20 மெகாவாட். திடீரென்று தொடரமைப்பு அறுந்து எல்லாம் நின்றுவிட்டால் அந்த 20 மெகாவாட்டையும் கொடுக்க யாரும் டீசல் ஜெனரேட்டர் வைப்பதில்லை. அனல்மின் நிலையங்களில் உள்ள அவசர ஜெனரேட்டர், அலகின் திறனில் பொதுவாக நூற்றில் ஒரு பங்குகூட இராது.

அது எதற்கு? கொதிக்கக் கொதிக்க ஓடிய டர்பைன் தண்டு அப்படியே நின்று ஆறினால், மேல்பக்கமும் கீழ்ப்பக்கமும் சமமாகக் குளிராமல் வளைந்துவிடும். பல டன் எடையுள்ள தண்டு மயிரிழை வளைந்தாலும் மறுபடி ஓட்ட முடியாது. அதனால் அதை மெல்ல மெல்லச் சுற்றிக்கொண்டே ஆறவைக்க வேண்டும். சுற்றும்போது தாங்கிகளுக்கு எண்ணெய் வேண்டும். பேட்டரிகள் தீராமல் இருக்க வேண்டும். ஊழியர்கள் நடமாட விளக்கு வேண்டும். இவ்வளவே. மீதி நிற்கலாம். எதை நிறுத்தினால் திரும்பப் பெற முடியாதோ, அதைக் கணக்கிட்டுத்தான் அங்கே அளவு முடிவாகிறது.

சுரங்கத்தில் கதை வேறு. நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிப் படுகைக்கு அடியில் அழுத்தம் மிகுந்த நீர்த்தேக்கம் உள்ளது. சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோ வரை அது மேல்நோக்கி அழுத்துகிறது. பத்து மீட்டர் உயர நீர் ஒரு கிலோ அழுத்தம் தரும் என்று படித்திருப்பீர்கள். அப்படியானால் 60 முதல் 80 மீட்டர் உயரத்துக்கு எழும்பத் துடிக்கும் நீர்! மேலே உள்ள மண்ணையும் நிலக்கரியையும் எடுக்க எடுக்கச் சுரங்கத்தின் தரை மெலிகிறது. நீர் அதைப் பிளந்துவிடக்கூடும். ஆகவே ஆழ்குழாய்க் கிணறுகளில் இரவும் பகலும் நீரை இறைத்து அழுத்தத்தைத் தணித்தபடியே இருக்கிறார்கள். வீட்டுக் கிணற்று மோட்டார் ஒரு நாள் ஓய்வெடுக்கலாம். இந்த மோட்டார்களுக்கு அந்த உரிமை கிடையாது.

அளவு சரியாக இருந்தால் மட்டும் போதுமா? 2011 மார்ச் 11-ல் ஜப்பானின் புகுஷிமா அணுமின் நிலையத்தில் நிலநடுக்கத்தால் வெளி மின்சாரம் அறுந்ததும் டீசல் ஜெனரேட்டர்கள் ஒழுங்காகக் கிளம்பின. ஒரு மணி நேரத்துக்குள் ஆழிப் பேரலை வந்தது. அடித்தளங்களில் இருந்த இயந்திரங்களும் மின்பலகைகளும் மூழ்கின. குளிர்விக்க வழியின்றி மூன்று உலைகள் உருகின. ஆறாவது உலைக்குரிய, காற்றால் குளிரும் ஒரே ஒரு ஜெனரேட்டர் சற்று உயரமான இடத்தில் இருந்ததால் பிழைத்தது. ஐந்தாவது உலையும் ஆறாவது உலையும் அதனால்தான் தப்பின. கடலூர்ப் பக்கம் வெள்ளம் புதிதல்ல. வீட்டு ஜெனரேட்டரையும் மேடான இடம் பார்த்தே வைக்க வேண்டும்.

மேடாக இருந்தாலும் வீட்டுக்குள் வைக்கலாகாது. மழை பெய்கிறதே என்று கூடத்திலோ தாழ்வாரத்திலோ ஓட்டிவிட்டு, சன்னலையும் சாத்திக்கொண்டு படுத்தவர்கள் எழுந்திருக்காமல் போயிருக்கிறார்கள். புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமில்லை. இரத்தத்தின் ஹீமோகுளோபின் ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேலான ஆவலோடு அதைப் பற்றிக்கொள்ளும். தலைவலி, மயக்கம், பிறகு நீங்காத உறக்கம். இயந்திரம் திறந்த வெளியில், கதவு சன்னல்களிலிருந்து தள்ளி, மழை படாத ஒரு கூரையின் கீழ் ஓட வேண்டும்.

இன்னொன்று, பிறர் உயிர் சம்பந்தப்பட்டது. சிலர் ஜெனரேட்டரின் கம்பியைச் சுவரில் உள்ள பிளக்கில் செருகி வீடு முழுவதையும் எரிய விடுவார்கள். மின்மாற்றி இருபுறமும் வேலை செய்யும் என்பதை நினைவில் கொள்ளுங்கள். 11,000 வோல்ட்டை இறக்கித் தரும் அதே தெரு மின்மாற்றி, உங்கள் 230 வோல்ட் பின்வழியாக வந்தால் அதை ஏற்றி ஆயிரக்கணக்கான வோல்ட்டாக்கிக் கம்பியில் அனுப்பும். மின்சாரம் நிறுத்தப்பட்டிருக்கிறது என்று நம்பிக் கம்பத்தின் மேல் ஏறி நிற்பவர், உங்கள் ஊருக்கு வெளிச்சம் தர வந்த மின்வாரியத் தொழிலாளி. மின்வாரியக் கம்பியும் ஜெனரேட்டர் கம்பியும் ஒரே நேரத்தில் வீட்டோடு சேர முடியாதபடி செய்யும் 'சேஞ்ச் ஓவர்' சுவிட்சை, உரிமம் பெற்ற மின்பணியாளரைக் கொண்டு பொருத்திய பிறகே இயந்திரத்தை இணைக்க வேண்டும்.

ஒரு மணி, இரண்டு மணி நேர மின்தடைக்கு இப்போது பல வீடுகளில் இன்வெர்ட்டர் இருக்கிறது. 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி பேட்டரி என்றால் தாளில் 1800 வாட்-மணி. விளக்குக்கும் விசிறிக்கும் உரிய 275 வாட்டை அதில் ஆறரை மணி ஓட்டலாம் என்று வரும். இழப்புகள் போக நான்கைந்து மணி நேரம் கிடைக்கும். புகையும் இல்லை, ஓசையும் இல்லை. ஆனால் வாரக்கணக்கில் மின்சாரம் வராவிட்டால் பேட்டரியை எதைக் கொண்டு நிரப்புவது? கூரையில் சூரியப் பலகை இருந்தால் நிரப்பலாம். இல்லையேல் ஒரு சிறு ஜெனரேட்டர்தான் துணை.

மாமா கதைக்கு வருவோம். அந்த ஜனவரியில் தெருவில் ஐந்து வீட்டுக்காரர்கள் சேர்ந்து, மாட்டு வண்டியில் ஏற்றிவந்த பெரிய டீசல் ஜெனரேட்டர் ஒன்றை வாடகைக்குப் பிடித்தார்கள். வீட்டுக்கு அரை மணி நேரம். மேல்நிலைத் தொட்டி நிரம்பியதும் வண்டி அடுத்த வீட்டுக்கு நகரும். மாமாவின் இரண்டு கே.வி.ஏ. இயந்திரம் விளக்கு, விசிறி, குளிர்பதனப் பெட்டியை மட்டும் பார்த்துக்கொண்டது. அந்த வேலைக்கு அது தாராளமாகப் போதும், கொஞ்சம் பெரியதுங்கூட. கடைக்காரர் பாதி உண்மைதான் சொல்லியிருக்கிறார்.

இப்போதெல்லாம் வானொலியில் புயல் எச்சரிக்கை வந்தால் மாமா பெட்ரோல் வாங்க ஓடுவதில்லை. முதலில் கிணற்று மோட்டாரைப் போட்டுத் தொட்டியை விளிம்பு வரை நிரப்பிவிடுகிறார். அண்டா, குடம் எல்லாவற்றிலும் பிடித்து வைக்கிறார். அதற்குப் பிறகுதான் இயந்திரத்தின் எண்ணெயைப் பார்க்கிறார்.

உங்கள் வீட்டு மோட்டாரின் தகட்டில் என்ன எழுதியிருக்கிறது? வெளிச்சம் இருக்கும்போதே பார்த்துக் குறித்து வையுங்கள். தகடு துருப்பிடித்திருந்தால் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்தால் எழுத்துத் தெரியும். துடைக்கும் முன் மெயின் சுவிட்சை அணைக்க மறக்காதீர்கள்.